வெள்ளவத்தையில் தொடங்குங்கள்: இடப்பெயர்வு ஆய்வுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

முல்லைத்தீவில் ஒரு வீட்டுத் திண்ணை. வீடு என்றால் அரைவாசி வீடு. சுவர் எழும்பியிருந்தது, கூரைக்குத் தகரம். கொழும்பிலிருந்து கொண்டுபோன படிவத்தைப் பார்த்து நான் வாசித்தேன்: "மீள்குடியேற்றத்தின் பின்னரான தங்கள் திருப்தி மட்டத்தை ஒன்று முதல் ஐந்து வரையான அளவுகோலில் குறிப்பிடுக." அந்த அம்மா கையிலிருந்த சுளகைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு, "மூண்டு எண்டு போடுங்கோ தம்பி. மூண்டெண்டால் ஒருத்தருக்கும் கோவம் வராதுதானே" என்றார்.

நானும் மூன்று என்று போட்டேன். அந்த மூன்று கொழும்புக்கு வந்து, மற்ற மூன்றுகளோடு சேர்ந்து சராசரியாகி, வண்ணப் படமாகி, ஒரு ஹோட்டல் மண்டபத்துத் திரையில் விழுந்தது. தேத்தண்ணி இடைவேளையில் இரண்டு பேர் அந்தப் படத்தைப் பாராட்டினார்கள். அன்றைக்குத்தான் வெட்கம் வந்தது.

பட்டம் முடித்துவிட்டுக் கொழும்பில் ஏதாவது ஆய்வு நிறுவனத்திலோ, என்.ஜி.ஓ. ஒன்றிலோ, பல்கலைக்கழகத் திட்டம் ஒன்றிலோ ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்திருக்கிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். கோட்பாடு உங்களுக்கு என்னைவிடத் தெரிந்திருக்கும். ஒருவருடைய கருத்தைக் கேட்க முன்னர் அவர் வந்த வழியைக் கேட்டு எழுத வேண்டும் என்பதை மட்டும் வகுப்பில் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். எந்த வீட்டிலிருந்து, எந்த மாதம், யாரோடு, எதைத் தூக்கிக்கொண்டு, எங்கே போய்ப் படுத்தார் என்பது தெரியாமல் அவர் திரும்பியதைப் பற்றியும் அயலவரோடு இருக்கிற உறவைப் பற்றியும் கேட்டால் கிடைப்பது அந்த மூன்றுதான்.

முதல் வேலை: பஸ் ஏறாமல் இருப்பது

கள ஆய்வு என்றதும் எல்லோருக்கும் வடக்குக்குப் போகிற ஏ-9 வீதிதான் ஞாபகம் வருகிறது. இரவு வெள்ளவத்தையில் பஸ் ஏறினால் விடியக் கிளிநொச்சி. ஏற வேண்டாம். முதல் இரண்டு கிழமை கொழும்பை விட்டு அசையாதீர்கள்.

இந்த நகரமே இடப்பெயர்வுகளின் மேல் இருக்கிறது. 1983 ஆடிக் கலவரத்தில் வீடு எரிந்தவர்கள் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியிலும் இரத்மலானை விமான நிலையக் கொட்டகையிலும் கிடந்து, பிறகு கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போனார்கள். அதில் ஒரு பகுதியினர் சில வருடங்களில் கொழும்புக்கே திரும்பி வந்தார்கள், ஏனென்றால் இப்போது யாழ்ப்பாணத்தில் குண்டு விழுந்தது. தொண்ணூறுகளில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜ்களில் ஒரு அறைக்குள் ஆறு பேர். வெளிநாட்டு விசாவுக்கோ, ஆஸ்பத்திரிக்கோ, சும்மா உயிரோடு இருப்பதற்கோ வந்தவர்கள். பொலிஸ் பதிவுத் துண்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தார்கள். 2007 ஜூன் 7 விடியற்காலையில் அந்த லொட்ஜ்களிலிருந்து 376 பேரைப் பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குப் போட, அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அந்த வெளியேற்றத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. இதையெல்லாம் நேரில் கண்டவர்கள் உங்கள் தொடர்மாடியின் மூன்றாம் மாடியிலேயே இருக்கக்கூடும்.

ஆகவே முதல் நேர்காணலை உங்கள் சொந்தக்காரர் ஒருவரோடு செய்யுங்கள். ஒரு சி.ஆர். கொப்பி போதும். ஒரு மாதத்துக்கு மேல் படுத்தெழும்பிய ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பக்கம். அந்தப் பக்கத்தில் நான்கு விடயம் மட்டும்: எப்போது வந்தார், யாரோடு, ஏன் அந்த இடம், ஏன் அதை விட்டார்.

என் பெரியம்மாவை வைத்து இதைச் செய்தபோது பதினொரு பக்கம் வந்தது. கணக்குப் பார்த்தால் நடுவில் எட்டு மாதம் இடித்தது. கேட்டேன், "அங்கயிங்க இருந்தனாங்கள்" என்று தாண்டிவிட்டார். இரண்டு நாள் கழித்து, குசினியில் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார். தெகிவளையில் ஒரு உறவினர் வீட்டுக் கார்க் கராஜுக்குள் அந்த எட்டு மாதமும் இருந்திருக்கிறார்கள். காலையில் கார் வெளியே போக வேண்டும் என்பதால் ஐந்து மணிக்கே பாயைச் சுருட்ட வேண்டும். செல்லடிபட்ட கதையைத் தயங்காமல் சொன்னவர், அந்தக் கராஜைச் சொல்ல இரண்டு நாள் எடுத்தார். ஆட்கள் எதை மறைப்பார்கள் என்பது நீங்கள் நினைக்கிற இடத்தில் இருக்காது. அதைப் பழகத்தான் இந்த இரண்டு கிழமை.

இரண்டாவது: எந்த இடப்பெயர்வு?

"இடம்பெயர்ந்தோர்" என்று ஒரே சொல்லில் எழுதிவிடலாம். ஆனால் களத்தில் அப்படி ஒரு கூட்டம் கிடையாது. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பியவர்கள் வேறு. அவர்களில் பலர் இருபது வருடங்களுக்கு மேலாக நலன்புரி நிலையங்களில் இருந்தார்கள், அங்கேயே பிள்ளைகள் பிறந்து கலியாணமும் கட்டிவிட்டார்கள். 2006இல் சம்பூரிலிருந்து வந்தவர்கள் வேறு. எல்லையோரச் சிங்களக் கிராமங்களிலிருந்து ஓடியவர்கள் வேறு. 2009இல் முள்ளிவாய்க்கால் கழிந்து செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குள் அடைக்கப்பட்டவர்கள் வேறு. அரச கணக்கிலேயே 2008 ஏப்ரலை ஒரு கோடாக வைத்து "பழைய", "புதிய" என்று பிரித்தார்கள். புதியவர்களுக்குக் கிடைத்தது பழையவர்களுக்குக் கிடைக்கவில்லை என்கிற மனத்தாங்கலை, 1990இல் வெளியேற்றப்பட்ட வடக்கு முஸ்லிம்கள் போய்த் தங்கிய புத்தளத்தில் இன்றைக்கும் கேட்கலாம்.

ஒக்டோபர் 30 என்ற திகதியைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். 1990இல் அதே நாளில்தான் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள் புலிகள். அந்த மாதத்துக்குள் வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995இல், அதே ஒக்டோபர் 30 இரவு, மழைக்குள், வலிகாமத்து மக்கள் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தார்கள். நானும் அந்தக் கூட்டத்துக்குள் தகப்பனின் சைக்கிள் கரியரில் இருந்தேன். எங்கள் வீடுகளில் இரண்டாவது ஒக்டோபர் 30 மட்டும்தான் பேசப்பட்டது. முதலாவதைப் பற்றி எனக்குத் தெரியவந்தது புத்தளத்தில், முதல் வேலைக்குப் போன இடத்தில். நீங்கள் எந்த வீட்டில் வளர்ந்தீர்களோ அந்த வீட்டு நாட்காட்டியோடுதான் களத்துக்குப் போகிறீர்கள். மற்றைய நாட்காட்டியையும் படித்துவிட்டுப் போங்கள்.

இன்னொன்று, ஆட்கள் வருடத்தை வருடமாகச் சொல்ல மாட்டார்கள். "இந்தியன் ஆமி நேரம்" (1987 முதல் 1990 வரை), "பெரிய இடப்பெயர்வு" (1995), "சமாதான காலம்" (2002க்குப் பிந்திய சில வருடங்கள்), "சுனாமிக்கு முதல்", "கடைசி நேரம்" (2009இல் போர் முடிந்த மாதங்கள்). இவற்றை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பக்கத்தில் வருடத்தையும் போட்டுக்கொள்ளுங்கள். அந்தந்த ஊருக்கென்று இருக்கிற அடையாளங்களை, எந்தக் கோயில் திருவிழா, எந்தச் சுற்றிவளைப்பு, எந்த வெள்ளம் என்பதை, முதல் நாளே வயதானவர் ஒருவரிடம் கேட்டுச் சேருங்கள். "எத்தனையாம் ஆண்டு வந்தீங்கள்?" என்றால் முழிப்பார்கள். "மூத்தவ சாமத்தியப்பட்டது இங்கயோ, அங்கயோ?" என்றால் மாதத்தோடு வரும்.

மூன்றாவது: தாள்கள்

கொழும்பில் இருப்பதன் ஒரே பெரிய வசதி இது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் பத்தரமுல்லையில். தேசிய சுவடிகள் கொழும்பு 7இல். இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையத்தின் நூலகம் பொரளைப் பக்கம். பழைய தமிழ்ப் பத்திரிகைகளும் மலர்களும் வேண்டுமென்றால் வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்க நூலகம். எங்கும் போக முடியாத மழை நாளில் நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகம் இருக்கிறது. ஊர் மலர்கள், பாடசாலை மலர்கள், நினைவு மலர்கள் என்று வேறெங்கும் கிடைக்காதவை அதில் உண்டு. நினைவு மலரை அலட்சியமாகப் பார்க்காதீர்கள். ஒரு குடும்பம் எந்த ஊரிலிருந்து எந்த நாட்டுக்குச் சிதறியது என்பது கடைசிப் பக்கத்து நன்றி நவிலலிலேயே இருக்கும்.

எண்களில் மட்டும் கவனம். 1981க்குப் பிறகு 1991இல் குடிசன மதிப்பீடே நடக்கவில்லை. 2001இல் 18 மாவட்டங்களில்தான் முழுமையாக நடந்தது; வடக்குக் கிழக்கில் ஏழு மாவட்டங்கள் விடுபட்டன அல்லது அரைகுறை. நாடு முழுவதும் எண்ணியது 2012இல்தான். அதாவது போர் நடந்த காலத்துக்கு நடுவில் வடக்குக் கிழக்கு முழுவதற்கும் ஒரு எண்ணும் இல்லை. 1981ஐயும் 2012ஐயும் பக்கத்தில் வைத்து "யாழ்ப்பாண மாவட்டத்தில் இத்தனை பேர் குறைந்துவிட்டார்கள்" என்று எழுதுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: கிளிநொச்சி 1984 வரை யாழ்ப்பாண மாவட்டத்துக்குள்தான் இருந்தது. இந்தப் பிழையை நான் பெரிய ஆட்களின் அறிக்கைகளிலும் கண்டிருக்கிறேன், என்னுடைய முதலாவது அறிக்கையிலும் கண்டிருக்கிறேன்.

"மீள்குடியேறியோர்" என்கிற எண்ணை இன்னும் சந்தேகத்தோடு பாருங்கள். மெனிக் பாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. அங்கிருந்து கடைசியாக வெளியே வந்தவர்களில் கேப்பாப்பிலவு மக்களும் இருந்தார்கள். அவர்களுடைய காணியில் இராணுவம் இருந்ததால் வேறொரு துண்டு நிலத்தில் இறக்கிவிடப்பட்டார்கள். அது பிறகு "மாதிரிக் கிராமம்" ஆனது. முகாம் மூடியாயிற்று, ஆகவே இடம்பெயர்ந்தோர் இல்லை. ஐந்து வருடம் கழித்து, 2017இல், அதே மக்கள் இராணுவ வேலிக்கு முன்னால் கொட்டில் போட்டு இரவு பகலாக இருந்தார்கள். இரணைதீவு மக்கள் 2018 ஏப்ரலில் யாரையும் கேட்காமல் வள்ளங்களில் ஏறித் தங்கள் தீவில் போய் இறங்கினார்கள். அறிக்கையில் இரண்டும் "மீள்திரும்புகை" என்ற ஒரே நிரலுக்குள் வரும். வரவிடாதீர்கள்.

புள்ளிவிபரம் கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். எவ்வளவு காணி, எந்தத் திகதியில், எந்தக் கிராம அலுவலர் பிரிவில் விடுவிக்கப்பட்டது என்று துல்லியமாகக் கேட்டால் பதில் வரும். "காணி விடுவிப்பு பற்றிய விபரம் தருக" என்று கேட்டால் ஒரு பக்கப் பிரசுரம் வரும்.

வாசிப்பில் ஒன்றைக் கட்டாயம் சொல்வேன். நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றிய கலந்தாலோசனைச் செயலணி 2017 ஜனவரியில் கையளித்த அறிக்கை. நாடு முழுவதும் 7,000க்கு மேற்பட்ட முறைப்பாடுகளையும் யோசனைகளையும் கேட்டு எழுதியது. பரிந்துரைகளை விடுங்கள், மக்கள் பேசுகிற விதத்துக்காக வாசியுங்கள்.

நான்காவது: அனுமதியும் பிளாஸ்ரிக் கதிரையும்

கடிதம் மாவட்டச் செயலகத்துக்கு, பிரதி பிரதேச செயலகத்துக்கு, பிறகு ஜி.எஸ்.ஸுக்கு, அதாவது கிராம அலுவலருக்கு, ஒரு போன். இது எல்லோருக்கும் தெரிந்த வழி. ஜி.எஸ். நல்லவர் என்றால் உங்களுக்காக ஆட்களையும் கூப்பிட்டு வைத்திருப்பார். பொதுநோக்கு மண்டபத்தில் பன்னிரண்டு கதிரை, பன்னிரண்டு பேர், மேசையில் விசுக்கோத்து. அங்கேதான் பிழை தொடங்குகிறது.

அந்தப் பன்னிரண்டு பேரும் எப்போதும் வருகிறவர்கள். கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர், மாதர் சங்கச் செயலாளர், முன்பள்ளி ரீச்சர். பொய் சொல்ல மாட்டார்கள். ஆனால் பேசிப் பேசிப் பழகிவிட்டார்கள். பட்டியலில் பெயர் இல்லாத வீடு, பெர்மிட் காணிக்கு வெளியே குந்தியிருக்கிற குடும்பம், இயக்கத்தில் இருந்து புனர்வாழ்வு முகாம் முடித்து வந்த பிள்ளை இருக்கிற வீடு, இவை அந்த மண்டபத்துக்கு வராது. ஜி.எஸ். தருகிற பட்டியலிலிருந்து அரைவாசி எடுங்கள், மறுக்காதீர்கள், அவரோடு பகைத்தால் அடுத்தமுறை ஊருக்குள் போக முடியாது. மற்ற அரைவாசியைக் கிணற்றடியில், சங்கக் கடையில், பின்னேர பஸ் தரிப்பில் தேடுங்கள்.

காலமும் பார்த்துப் போக வேண்டும். வன்னியில் பெரும்போக அறுவடை நேரம் போனால் கதைக்க ஆளில்லை. கரையோரத்தில் காலை பத்து மணிக்கு முன்னர் ஆண்களைக் காண முடியாது, மன்னார் கத்தோலிக்கக் கிராமத்தில் ஞாயிறு காலை, முஸ்லிம்கள் இருக்கிற முசலியில் வெள்ளி நண்பகல், இதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் நிதி தருகிறவரின் நிதியாண்டு முடிகிறது என்று நோன்பு மாதத்தில் பன்னிரண்டு மணி வெயிலில் குழுக் கலந்துரையாடல் வைத்த திட்டம் ஒன்றில் நானும் வேலை செய்திருக்கிறேன்.

மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்து "யார் நீங்கள், எங்கே இருந்து?" என்று கேட்கக்கூடும். உண்மையைச் சொல்லுங்கள், கடிதத்தைக் காட்டுங்கள். நேர்காணலை அத்தோடு நிறுத்துங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் தற்காலிகமாக வந்தது என்பது அந்த வீட்டுக்காரருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். நீங்கள் மாலையில் போய்விடுவீர்கள், அவர் அங்கேதான் இருப்பார்.

ஐந்தாவது: கையெழுத்து

பல்கலைக்கழக ஒழுக்கநெறிக் குழு கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் கேட்கும். கையெழுத்து வைத்த தாளால் வந்த வினைகளைக் கண்ட சனம் இது. விளங்காத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்து வைத்துவிட்டுப் பல வருடம் உள்ளே இருந்தவர்களைத் தெரிந்த வீடுகள் இருக்கின்றன. வாய்மொழி ஒப்புதலுக்கு அனுமதி கேட்டு முன்கூட்டியே குழுவுக்கு எழுதுங்கள்; காரணத்தை விளக்கினால் பெரும்பாலும் தருவார்கள்.

ஒப்புதல் கேட்கும்போது எது வராது என்பதை முதலில் சொல்லுங்கள். வீடு வராது. பட்டியலில் பெயர் சேராது. மகனைப் பற்றித் தகவல் வராது. இதைச் சொன்ன பிறகும் ஒருவர் பாயை விரித்து "இருங்கோ" என்றால் அதுதான் ஒப்புதல்.

பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். நாற்பது குடும்பம் இருக்கிற ஊரில் "நான்கு பிள்ளைகளின் தாய், தையல் செய்பவர், கணவர் 2009இல் வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்தவர்" என்று எழுதினால் அதுவே பெயர். ஊரை மாற்றுங்கள், பிள்ளைகளின் எண்ணிக்கையை மாற்றுங்கள், தையலைக் கோழி வளர்ப்பாக்குங்கள். ஒலிப்பதிவை வட்ஸ்அப்பில் கொழும்புக்கு அனுப்பாதீர்கள். உண்மைப் பெயரும் குறியீடும் சேர்ந்த தாள் ஒரே ஒரு இடத்தில், கையால் எழுதி, பூட்டி இருக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றி அலுவலகத்தில் பயிற்சி வைப்பார்கள், போங்கள்; ஆனால் இந்தப் பூட்டு அதற்கெல்லாம் முதலே தேவைப்பட்டது.

ஆறாவது: பைக்குள் என்ன இருக்கிறது

இனி நேர்காணல். நான் எப்போதும் ஒரே கேள்வியில் தொடங்குவேன்: "வெளிக்கிடேக்க என்ன எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டனீங்கள்?"

அனேகமாக எல்லா வீட்டிலும் ஒரு பை இருக்கும். சொப்பிங் பைக்குள் இன்னொரு சொப்பிங் பை, அதற்குள் ஒரு பழைய பைல். அலுமாரிக்கு மேலிருந்தோ அரிசி வாளிக்குப் பின்னாலிருந்தோ அது வரும். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை, ரியூஷன் பரிசுத் தாள், செஞ்சிலுவைச் சங்கத் துண்டு. தண்ணீர் ஏறி மை பரவிய இடத்தை விரலால் தடவிக்கொண்டு, "இது மாத்தளனில நனைஞ்சது" என்று, கடைசி நேரத்தில் சனம் ஒதுங்கிய முல்லைத்தீவுக் கரையைச் சொல்வார்கள். ஒவ்வொரு தாளுக்கும் ஒரு இடம் இருக்கும். நீங்கள் வரைபடம் போட வேண்டியதே இல்லை. பையே வரிசைப்படி விரிந்துவிடும். தொடாதீர்கள், அவர் தந்தால் வாங்குங்கள். போட்டோ எடுக்காதீர்கள்.

உறுதியிலிருந்து காணிக்கு வரலாம். சொந்த உறுதியா, அரச பெர்மிட்டா, சீதனமாக வாய்ச்சொல்லில் வந்ததா? பெர்மிட் என்றால் யார் பெயரில்? காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 1935இலிருந்து வருவது. பின்னுரிமையில் நெடுங்காலம் ஆண்பிள்ளைக்கே முதலிடம். கணவர் காணாமல் ஆக்கப்பட்ட பெண் அந்த பெர்மிட்டோடு பிரதேச செயலகத்துக்கு எத்தனை தரம் நடந்தார் என்று கேளுங்கள். வேறொருவர் வந்து குடியிருந்தாரா? பத்து வருடம் இருந்துவிட்டேன், ஆட்சி எனக்கு என்றாரா? போரால் தன் காணிக்கு வழக்குப் போட முடியாமல் போனவர்களுக்காக 2016இல் காலவிதிப்பு விசேட ஏற்பாடுகள் சட்டம் ஒன்று கொண்டுவந்தார்கள். அப்படி ஒன்று வந்தது தெரியுமா என்று புத்தளத்தில் கேட்டுப் பாருங்கள். அந்தப் பதிலே ஒரு அத்தியாயம்.

"திரும்பிவிட்டீர்களா?" என்று கேட்காதீர்கள். ஆம் என்பார்கள், ஏனென்றால் இல்லை என்றால் வீட்டுத் திட்டம் கிடைக்காது. "போன கிழமை இந்த வீட்டில எத்தின இரவு படுத்தீங்கள்? ஆர் ஆர் படுத்தது?" என்று கேளுங்கள். தகப்பன் மட்டும் முசலியில் காணியைக் காத்துக்கொண்டு, தாயும் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்துக்காகப் புத்தளத்தில். வலிகாமத்தில் தாத்தா பகலில் வந்து தோட்டம் கொத்திவிட்டு இரவு வாடகை வீட்டுக்குப் போய்விடுவார். ஒரே குடும்பம் இரண்டு ஊரில் இருப்பதை ஏமாற்று என்று எழுதுகிற அதிகாரிகள் உண்டு. முப்பது வருடம் ஒரு ஊரில் வேர் விட்டவர்களுக்கு வேறு எப்படித் திரும்ப முடியும்?

காணாமல் ஆக்கப்பட்டவர் இருக்கிற வீட்டில் வினைமுற்றைக் கவனியுங்கள். "மகன் என்ன செய்தவர்?" என்று இறந்தகாலத்தில் ஒரு தாயிடம் கேட்டேன். "செய்யிறவர்" என்று திருத்தினார். அதற்குப் பிறகு அன்று அவர் எதுவும் சொல்லவில்லை. 2016இலிருந்து மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணப்படாமைச் சான்றிதழ் எடுக்கலாம். எடுத்தவர், எடுக்க மறுத்தவர், இரண்டையும் ஒரே வீட்டில் காணலாம். மனைவி எடுக்க விரும்புவார், தாய் விடமாட்டார். அந்த வாக்குவாதத்துக்குள் ஆலோசகராக நுழையாதீர்கள்.

யாராவது உடைந்து அழுதால் ரெக்கோடரை நிறுத்துங்கள். கொப்பியையும் மூடுங்கள். தண்ணீர் கேளுங்கள், உங்களுக்கு. எழும்பிப் போய் எடுத்துவர அவருக்கு ஒரு வேலை கிடைக்கும். தேசிய மனநல உதவி எண் 1926ஐயும் அந்த மாவட்ட ஆஸ்பத்திரி உளநலப் பிரிவின் எண்ணையும் ஒரு சின்னத் தாளில் எழுதி வைத்துவிட்டு வாருங்கள்.

ஏழாவது: சமாதானம் என்று கேட்காதீர்கள்

"சமாதானம்" என்ற சொல் எங்கள் ஊர்களில் தேய்ந்து போனது. 1995இல் அரசாங்கம் நடத்திய யுத்தத்துக்குப் பெயரே சமாதானத்துக்கான யுத்தம். 2002க்குப் பிறகு அது ஒரு காலத்தின் பெயர்: "சமாதானத்துக்கதான் இந்த வீடு கட்டினது." "நல்லிணக்கம்" இன்னும் மோசம், அது மேடையில், பதாகையில் இருக்கிற சொல், ஒரு காலத்தில் அமைச்சின் பெயரிலும் இருந்த சொல். வீட்டுக்குள் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. இந்த இரண்டையும் கேள்வித்தாளில் இருந்து வெட்டுங்கள்.

செத்தவீட்டைப் பற்றிக் கேளுங்கள். கடைசியாக இந்த ஊரில் நடந்த செத்தவீட்டுக்கு அந்தப் பக்கத்துத் தெருவிலிருந்து யார் வந்தார்கள்? வந்து வாசலில் நின்றார்களா, உள்ளே வந்து இருந்தார்களா, தேத்தண்ணி குடித்தார்களா? முஸ்லிம் குடும்பங்கள் திரும்பி வந்த இடத்தில், பழைய அயலவர் கிணற்றை விட்டாரா என்று கேளுங்கள். உழவு மெசின் யாரிடம் வாடகைக்கு எடுக்கிறீர்கள்? கடன் கொப்பி எந்தக் கடையில்? ஒருமுறை ஒரு தமிழ் அம்மாவும் முஸ்லிம் அம்மாவும் முப்பது வருடம் கழித்துச் சந்தித்ததைப் பற்றி இரண்டு பேரிடமும் தனித்தனியே கேட்டேன். கட்டிப் பிடித்து அழுததை இருவருமே சொன்னார்கள். முஸ்லிம் அம்மா மட்டும் இன்னொன்றும் சொன்னார்: அன்று அங்கே தனக்குத் தேத்தண்ணி வந்த கோப்பை, தன் வீட்டிலிருந்து வெளியேறும்போது விட்டுவிட்டு வந்த செட். கேட்டீர்களா என்றேன். "கேட்டா அடுத்த முறை எங்க போய் தேத்தண்ணி குடிக்கிற?" என்றார். அந்தக் கேள்விக்கு ஒன்று முதல் ஐந்து வரை அளவுகோல் கிடையாது.

எட்டாவது: சொல்லைக் கொண்டுவந்து சேர்ப்பது

தமிழில் கேட்டதை ஆங்கிலத்தில் எழுதுவதுதான் கொழும்பு வேலை. அங்கே ஒரு கொலை நடக்கிறது. "வெளிக்கிட்டது" என்றால் தானாகப் புறப்பட்டது. "ஓடினது" என்றால் நேரமில்லை. "அள்ளுப்பட்டுப் போனது" என்றால் சனத்தோடு சனமாக, முடிவு தன் கையில் இல்லை. "எழுப்பினது" என்றால் ஆயுதத்தோடு வந்து யாரோ சொன்னது. வடக்கு முஸ்லிம்கள் "இடப்பெயர்வு" என்று சொன்னால் கோபிப்பார்கள், அவர்களுக்கு அது "வெளியேற்றம்." ஐந்தும் அறிக்கையில் ஒரே ஆங்கிலச் சொல்லாகிவிடும். மொழிபெயர்க்கும்போது மூலச் சொல்லை ஓரத்தில் விட்டுவையுங்கள், மேலதிகாரி அழிக்கச் சொன்னாலும் உங்கள் பிரதியில் விட்டுவையுங்கள். சிங்களக் கிராமத்துக்குப் போனால் அங்கேயும் இப்படி ஐந்து சொல் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, அந்த மாவட்டத்து மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வையுங்கள்.

காசைப் பற்றி இரண்டு வரி. கதைக்கு விலை கொடுக்காதீர்கள். ஆனால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு உங்களோடு இருந்தவருக்கு அதை ஈடு செய்யுங்கள், முடிந்த பிறகு. இதற்கு வரவுசெலவில் இடமில்லை என்று சொல்கிற அலுவலகத்தோடு சண்டை பிடிக்கலாம்.

ஒன்பதாவது: திரும்பப் போவது

இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். "எத்தினை பேர் வந்து எழுதிக்கொண்டு போட்டினம், ஒருத்தரும் திரும்பி வரேல்ல" என்று கேட்காத ஊர் இல்லை. திட்டம் தொடங்கும்போதே இரண்டாவது பயணத்துக்குப் பணம் ஒதுக்கச் சொல்லுங்கள். அறிக்கையை அல்ல, நான்கு பக்கத்தில் தமிழில் எழுதிய சுருக்கத்தைக் கொண்டு போங்கள். பெரிய எழுத்தில் அச்சடியுங்கள், கண்ணாடி எல்லாரிடமும் இருக்காது. கொடுத்துவிட்டு வராமல் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள்.

திருத்துவார்கள். சுளகு அம்மாவின் ஊருக்குச் சில வருடம் கழித்து வேறொரு ஆய்வோடு போய், அவருக்கும் வாசித்துக் காட்டினேன். இப்போது கூரைக்கு ஓடு. மூன்றாம் பக்கத்தில் நிறுத்தினார். "நாங்கள் மாத்தளனுக்குப் போனது பங்குனியில்லைத் தம்பி, மாசி. மாசிக் கடைசி. கடைக்குட்டிக்கு அண்டைக்கு நாலு வயசு முடிஞ்சது, கையில ஒண்டும் இல்லாமல் ஒரு ரொபியைப் பாதியாக் கடிச்சுக் குடுத்தனான்." அறிக்கை அதற்குள் அச்சாகியிருந்தது. கொழும்புக்கு வந்து, திருத்தத்தை ஒரு சின்னத் துண்டில் அச்சடித்து, அலுவலகத்தில் மிச்சமிருந்த நூற்றுச் சொச்சப் பிரதிகளிலும் நானும் அலுவலகப் பையனும் பசை பூசி ஒட்டினோம். ஒரு பின்னேரம் எடுத்தது.